இரு, நானும் வர்றேன்

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது திருமுருகனுக்கும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த சுவடு தெரியாமல் நழுவிவிட வேண்டும். 'போய்ட்டு வர்றேன்' என்பது மட்டும் வாயில் வரவே கூடாது. திரும்ப எதற்கு வருவது, இன்னொரு சாவுக்கா? ஆனால் அவன் அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகவில்லை, வேலைக்குப் போயிருந்தான். வேலை முடிந்து டெஸ்டரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தால் 'போய்ட்டு வர்றேங்க' என்று சொல்வது பல வருஷப் பழக்கம். அன்றைக்கும் கை ஜிப்பை இழுத்தது, வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். திருமுருகனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் கூடத்துக்குள்ளிருந்து, பிணப்பெட்டி வைத்திருந்த பக்கமாக, ஓர் ஆண்குரல் கேட்டது. அழுகை இல்லாத, அவசரமும் இல்லாத, சாதாரணக் குரல்.

"இரு, நானும் வர்றேன்."

விழுப்புரத்தில் சவுரிராயன் என்பவருடைய இன்வெர்ட்டர் பேட்டரிக் கடையில் திருமுருகன் மெக்கானிக். கோலியனூர் தாண்டி ஒரு வீட்டில் லைன் வீக்காக இருக்கிறது, ஜல்தி போய்ப் பார் என்று மட்டும்தான் முதலாளி போனில் சொன்னார். சாவு வீடு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டான், ஏனென்றால் அவன் மனைவி கலைமதிக்கு அப்போது எட்டாவது மாதம். தலைப்பிரசவத்துக்காகத் திண்டிவனத்தில் தாய் வீட்டில் இருந்தாள். புள்ளத்தாச்சி புருஷன் சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, பிணத்தைப் பார்க்கக் கூடாது, முடி எடுக்கக் கூடாது என்று மாமியார் தையல்நாயகி போன் போட்டபோதெல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். முடி விஷயத்தில் மட்டும் அவன் உத்தமனாக இருந்தான். தாடி புதர் மாதிரி மண்டிக் கிடந்தது.

தெருவில் சாமியானாவைப் பார்த்ததுமே வண்டியைத் திருப்பியிருக்கலாம். அதற்குள் ஒரு பெரியவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஐஸ் பெட்டி ஓட மாட்டேன் என்கிறது, வெயில் இப்படிக் காய்கிறது, ஊரிலிருந்து ஜனம் வர வேண்டும் என்று கெஞ்சினார். மனுஷன் எப்படி முடியாது என்பான்? பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, கண்ணாடிப் பெட்டிக்குக் கரெண்ட் கொடுத்தான். பெட்டி உறுமி, ஒரு குலுக்குக் குலுங்கி ஓட ஆரம்பித்தது. பார்க்கக் கூடாது பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டான். உள்ளே இருந்தவனுக்கு அவன் வயதுதான். பெயர் வேங்கடேசன், டைல்ஸ் ஒட்டுகிற கொத்தனார், யாரோ ஒருவன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஹைவேயைத் தாண்டும்போது லாரி அடித்துவிட்டது என்று பெரியவர் சொன்னார். அவனுக்கும் புதராகத் தாடி. பெட்டிக்குப் பக்கத்தில் நிறைவயிற்றோடு ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாடி எதற்கென்று திருமுருகனுக்கு அப்போது புரிந்தது.

குரல் கொடுத்தவர் சொந்தக்காரர் யாராவது இருப்பார், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் தொற்றிக்கொள்ளப் பார்க்கிறார் என்றுதான் அவன் நினைத்தான். வண்டியை ஸ்டார்ட் செய்து காத்திருந்தான். யாரும் வெளியே வரவில்லை. பெண்கள் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகட்டும் என்று கியரைப் போடும்போது வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. ஆள் ஏறும்போது ஸ்பிரிங் முனகுமே, அந்த முனகல் கேட்டது. திரும்பிப் பார்த்தான். சீட்டில் வெயில் மட்டும் இருந்தது. கோலியனூர்க் கூட்ரோடு வரை வண்டி இழுக்கவே இல்லை, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி போலத் திணறிக்கொண்டு போனது. வீட்டு வாசல் குழாயடியிலேயே தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போனான். நடந்ததைக் கலைமதியிடம் சொல்லவில்லை. சொன்னால் முதலில் அந்த வீட்டுக்குப் போனதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், அப்புறம் அந்த வார்த்தையைச் சொன்னதற்கு.

விழுப்புரத்தில் அவர்கள் இருந்தது ஊரை ஒட்டிய புது நகரில் ஒரு வாடகை வீடு. வீட்டுக்காரம்மா பிரபாவதி பக்கத்து வீட்டிலேயே இருந்தார். குழந்தை வருவதற்குள் வீட்டைச் சரிபண்ணுவது திருமுருகனின் பொறுப்பு. அவனுக்கு அப்பா அம்மா இல்லை, கேட்டுச் செய்ய ஆளில்லை. கலைமதி வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லி உத்தரவு போட்டாள்.

"கீழ இருக்கற பிளக்குல எல்லாம் எதுனா வச்சி அடைச்சிடுங்க. கொழந்த தவழ்ந்துகினு வந்து வெரல வுட்டுடப் போவுது."

"இன்னும் பொறக்கவே இல்ல. அதுக்குள்ள தவழுதா?"

"ஊருக்கெல்லாம் கரெண்ட் வேல செய்றீங்க, நம்ம ஊட்டுக்குச் செய்யச் சொன்னா மட்டும் ஆயிரம் பேசுவீங்க."

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது கீழ் பிளக்குகள் எல்லாம் அடைபட்டிருந்தன. வெள்ளைச் சிமென்ட் வைத்து, ஓரம் பிசிறில்லாமல், கட்டை விரலால் ஒரு இழுப்பு இழுத்து வழித்திருந்தார்கள். விரல் வைத்துப் பார்த்தான். ஈரம். ரேகை கூடத் தெரிந்தது. வீட்டுக்காரம்மா ஆள் விட்டிருப்பார் என்று போய்க் கேட்டான். "நானா? சாவியே உங்கிட்டதானப்பா இருக்குது," என்றார் பிரபாவதி. திருமுருகன் திரும்ப வந்து நடுக்கூடத்தில் நின்றான். சிமென்ட் வாசனையோடு வேறொரு வாசனையும் இருந்தது, ஐஸில் கிடந்து நைந்த சாமந்திப் பூவின் வாசனை. அவன் வீட்டில் பூ வாங்கியே பல நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு வேலைகள் தானாக நடந்தன. சமையலறையில் காலைக் கீறுகிற மாதிரி உடைந்திருந்த டைல்ஸ் மாறியிருந்தது. குளியலறைத் தரையில் வழுக்காமல் இருக்க வரிவரியாகக் கொத்தியிருந்தார்கள். மேஜையின் கூர்முனைகளில் துணி சுற்றியிருந்தது. அவன் நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்ட வேலைகள், அவனுக்குத் தோன்றவே தோன்றாத வேலைகள் எல்லாம், ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வந்தன. பயப்பட வேண்டிய இடத்தில் அவனுக்கு வெட்கம் வந்ததுதான் கொடுமை. அப்பனாகப் போகிறவன் இவன், இவனுக்கு இதெல்லாம் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தன் பக்கத்திலேயே இருந்து செய்துகொண்டிருக்கிறான்.

வீடியோ காலில் பார்த்த கலைமதி பூரித்துப்போனாள். "அய்ய, நீங்களா இது? எனக்கே நம்ப முடியல," என்றாள். அவன் 'ஆமாம்' என்றான்.

ஏணை விஷயத்தில்தான் அவனுக்குப் பயம் பயமாகவே வந்தது. கூடத்து விட்டத்தில் கொக்கி அடித்து, கலைமதியின் பழைய பருத்திப் புடவையில் அவனே ஏணை கட்டினான். முடிச்சு கோணலாக விழுந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். காலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவன் கூடத்தில் அப்படியே நின்றான். முடிச்சை யாரோ அவிழ்த்து, ஏணையைத் தாழ இறக்கி, உருவு முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஏணை ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது, ஃபேன் நின்றிருந்தது, ஏணை மட்டும் நிதானமாக, தூங்கும் பிள்ளையை ஆட்டுகிற வேகத்தில், கிறீச், கிறீச் என்று கொக்கியை உரசிக்கொண்டு போய்ப் போய் வந்தது. காலி ஏணையை ஆட்டினால் குழந்தைக்கு ஆகாது. ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினான். நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் நின்றது. பிறகு மறுபக்கத்திலிருந்து இழுபட்டது. முரட்டு இழுப்பு கிடையாது. கையை எடுப்பா, எனக்குத் தெரியும் என்று சொல்கிற இழுப்பு.

திருமுருகன் கையை எடுத்துவிட்டான்.

குழந்தை பிறந்த அன்றைக்கு அவன் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முகூர்த்த நாள், சாலை முழுக்க வண்டி. பஸ்ஸில் நின்றுகொண்டே நகத்தைக் கடித்துத் துப்பினான். பெண் குழந்தை, இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்று திண்டிவனம் வந்து இறங்கும்போது போன் வந்தது. அழுதுவிட்டான். பஸ் ஸ்டாண்டில் நின்று கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தெரிந்தவர் யாராவது பார்த்திருந்தால் துக்கச் சேதி என்று நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குள் மூச்சிரைக்க ஓடியபோது, பிரசவ அறை வாசலில் இருந்த நர்சம்மா அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"மறுபடியும் இன்னாப்பா? இப்பத்தான கையில வாங்கினு நின்ன?"

"நானா? நான் இப்பத்தான் சிஸ்டர் வர்றேன்."

"வெளையாடாதப்பா. மொதல்ல அப்பா கையிலதான் குடுப்போம். இதே தாடி, இதே மாதிரி நின்னுக்கினு இருந்த. கழுத்த எவ்ளோ பதமா புடிச்ச, நானே அசந்துட்டேன்."

அவர் வேறு யாருடைய புருஷனையோ நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே திருமுருகன் அறைக்குள் போனான். கலைமதி களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் தையல்நாயகி துணிச் சுருளை அவன் கையில் வைத்தார். உள்ளே சிவந்த ஒரு முகம், மூடிய கண்கள், நெற்றியில் ஒட்டிய முடி. அவன் மகள். கையில் வைத்த நொடியில் குழந்தை வீறிட்டது. கழுத்தைப் பிடிப்பதா, முதுகைப் பிடிப்பதா என்று தெரியாமல் அவன் தடுமாறினான். குழந்தையின் கன்னத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல் இருந்தது. கட்டை விரல் அகலத்துக்கு. "பவுடர் போல இருக்குது," என்று மாமியார் முந்தானையால் துடைத்தார். அது பவுடர் மாதிரிப் பறக்கவில்லை. காய்ந்து, சிறு செதிலாகப் பெயர்ந்து விழுந்தது.

லீவு கிடைத்த நாளெல்லாம் திருமுருகன் திண்டிவனத்துக்கு ஓடினான். போகும்போதெல்லாம் நம்பிக்கையோடு போவான். இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்துவிடும், இன்றைக்கு என் தோளில் தூங்கிவிடும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போவான். அவன் தூக்கினால் அழுதது. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, மூச்சு நின்றுவிடுமோ என்கிற மாதிரி அழுதது. கலைமதி வாங்கினால் அடங்கும், மாமியார் வாங்கினால் அடங்கும், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் வாங்கினால்கூட அடங்கும்.

"கழுத்தப் புடிங்க, கழுத்தப் புடிங்க," என்று கலைமதி கத்துவாள். "இன்னும் நிக்கல இல்ல, தல தொங்கிடப் போவுது."

"புது அப்பனுங்க எல்லாம் இப்டித்தான் மாப்ள," என்று மாமியார் தேற்றுவார். "போகப் போகப் பழகிடும்."

அழுகை நிற்பதும் உண்டு. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவன் கையில் கதறிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்திவிட்டு, அவன் தோளுக்கு மேலே, அவனுக்குப் பின்னால் பார்க்கும். கண்கள் ஓரிடத்தில் நிலைக்கும். பிறகு மெல்ல நகரும், நடந்து போகிற ஒருவரைப் பார்க்கிற மாதிரி. பிறகு சிரிக்கும். பொக்கை வாயைத் திறந்து, கன்னம் குழிய. சாமி பூ காட்டுகிறது என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொள்வார். திருமுருகனின் பிடரியில் குளிர் ஏறும். சாமந்தி வாசனை வரும். அவன் திரும்பிப் பார்த்ததே இல்லை.

கடைசியில் பொறுக்க முடியாமல் கோலியனூர் பக்கத்து அந்த வீட்டுக்கே ஒரு நாள் பகலில் போனான். சாமியானா இருந்த இடத்தில் இப்போது கோழி மேய்ந்துகொண்டிருந்தது. வேங்கடேசனின் மனைவி பூமாலை வாசல் நிழலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள், மடி நிறைய வேர்க்கடலைத் தோல். வயிறு ஒட்டியிருந்தது. பக்கத்தில் குழந்தை இல்லை. திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்தில் ஒரு ஏணை தொங்குவது தெரிந்தது, காலியாக. கீழ்ச் சுவரில் பிளக்கு இருந்த இடம் வெள்ளைச் சிமென்ட்டால் மூடியிருந்தது.

"அன்னிக்குக் கரெண்ட் இழுத்துக் குடுத்தேனேங்க," என்றான்.

"தெரியுது. போய்ட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனீங்க."

"அன்னிக்கு உள்ளேர்ந்து ஒருத்தரு நானும் வர்றேன்னாரு. அது யாருன்னு..."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "அவருக்கு வண்டி கெடையாதுங்க. யாரு கெளம்பினாலும் அப்டித்தான் சொல்லி ஏறிக்குவாரு. சாவற அன்னிக்குக் காலையிலயும் அப்டித்தான் ஏறிக்கினு போனாரு."

கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டு குறுக்கே போனது. உங்கள் குழந்தை என்று கேட்க வாயெடுத்தான். அவளே சொன்னாள்.

"தங்கல. அவரு காரியம் முடியறதுக்குள்ளயே அதுவும் போய்டுச்சி. இங்க அவருக்கு இன்னா இருக்குது, சொல்லுங்க." ஒரு பருப்பை வாயில் போட்டு மென்றாள். "உங்களுக்குப் பொறந்துடுச்சா?"

"பொண்ணு."

"நல்லா பாத்துக்குவாரு. ரொம்ப ஆசையா இருந்தாரு." முதல் முறையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவன் சண்டைக்காவது போயிருப்பான். "ஒரு நாளு தூக்கினு வரச் சொல்லுங்க. நான் ஒரு வாட்டி பாக்கணும்."

யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. வேண்டுமென்றே, வாய் கூசக் கூச "போறேங்க" என்றான். எந்த வீட்டிலும் சொல்லக் கூடாத அந்தச் சொல்லாவது அன்றைக்குச் சொன்னதை முறியடிக்கட்டும் என்று நினைத்தான். வண்டியில் உட்கார்ந்து காத்திருந்தான். பின்பக்கம் அமுங்கவில்லை. வண்டி பஞ்சாகப் பறந்தது. விட்டது, வந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே போனான். வீட்டுக் கதவைத் திறந்தான். புதுச் சிமென்ட் வாசனை முகத்தில் அடித்தது. வாசற்படியின் மேடு சரிவாகப் பூசியிருந்தது, பிள்ளை தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குக் கால் தடுக்காதபடி. வேங்கடேசன் இன்றைக்கு அவனோடு கோலியனூருக்குக் கிளம்பவே இல்லை. வீட்டில் வேலை இருந்திருக்கிறது.

குழந்தையை அழைத்து வரும் நாளை அவன் தள்ளிப் போட்டுப் பார்த்தான். வெயிலாக இருக்கிறது, மழையாக இருக்கிறது, வீட்டில் எறும்பு என்று என்னென்னவோ சொன்னான். கலைமதி ஒரு நாள் போனிலேயே அழுதாள். "நாங்க வர்றது உங்களுக்குப் புடிக்கல. கொழந்த உங்ககிட்ட வர மாட்டேங்குதுன்னு கோவம் உங்களுக்கு," என்றாள். மூன்றாம் மாதம் ஒரு நல்ல நாள் பார்த்துக் காரில் வந்து இறங்கினார்கள். பிரபாவதி ஆரத்தி சுற்றினார். மாமியார் வீட்டைச் சுற்றிப் பார்த்து, "என் மாப்ளயாட்டம் யாருக்கு வரும்!" என்று பெருமைப்பட்டார். சாப்பிட்டுவிட்டு அவர் திண்டிவனத்துக்குக் கிளம்பிப் போனார்.

விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. திருமுருகன் குழந்தையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தான். வாசனை எதுவும் வரவில்லை. குழந்தை ஏணையில் தூங்கியது. அவன் எதையெதையோ நினைத்துப் பயந்திருக்கிறான், தூக்கம் கெட்டால் யாருக்கும் இப்படித்தான் என்று கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தான். கிரைப் வாட்டர் தீர்ந்துவிட்டது, தெருமுனைக் கடையில் வாங்கி வாங்க என்று கலைமதி சொன்னாள். போகாமல் சமாளித்துப் பார்த்தான். அவள் முறைத்தாள். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். ஓட்டமாகப் போய் ஓட்டமாகத் திரும்பினான். தெருவில் கரெண்ட் போயிருந்தது. அவன் வீட்டில் மட்டும் இன்வெர்ட்டரில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. இருட்டாக இருந்திருந்தாலாவது கண்ணைக் குறை சொல்லியிருக்கலாம்.

வாசலில் கால் வைத்தான்.

கலைமதி கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கையால் கொடித் துணியை எடுத்துக்கொண்டே, மறு கையில் இருந்த குழந்தையைப் பக்கத்தில் நீட்டினாள், திரும்பிப் பார்க்காமல். "இந்தாங்க, புடிங்க. அடுப்புல பாலு வச்சிருக்கேன்."

பக்கத்தில் யாரும் இல்லை.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

குழந்தை விழவில்லை.

திருமுருகனின் கையிலிருந்து பாட்டில் நழுவி உடைந்தது. கலைமதி சமையலறைக்குள் போய்விட்டாள். "பாத்து, எத ஒடச்சீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். குழந்தை அவள் நீட்டிய இடத்திலேயே இருந்தது. ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில். வெறும் காற்றில். மெல்ல நிமிர்ந்தது. தோளில் சாய்த்துக்கொள்வது போல. பிடரியில் பிஞ்சுச் சதை அமுங்கிக் குழிந்திருந்தது. விரல் பிடித்த குழி. இன்னும் நிற்காத அந்தக் கழுத்து கொஞ்சம்கூட ஆடவில்லை.

கத்த வேண்டும். கத்தினால்? பயந்து விட்டுவிட்டால்? தரை டைல்ஸ். குழந்தை அவனை நோக்கி வந்தது. ஒவ்வோர் அடிக்கும் லேசாக ஏறி இறங்கி. அவன் பாய்ந்து இடுப்பைப் பிடித்தான். இழுத்தான். எதிர்ப்பக்கம் பிடி இறுகியது. பிடரிக் குழி ஆழமானது. குழந்தை முனகியது, முகம் சிவந்தது. கழுத்து. கழுத்து. அவன் விட்டுவிட்டான். விட்டதும் பிடியும் தளர்ந்தது. குழந்தை பெருமூச்சு விட்டு அடங்கியது. அவனைத் தாண்டி வாசலுக்குப் போனது.

அவனால் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஓடிப்போய்ப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் குழந்தைக்குக் கீழே ஏந்திக்கொண்டான். விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம். மார்பில் ஐஸ் பெட்டியின் குளிர் அப்பியது. கைகளில் எடை இல்லை. சரிவாகப் பூசிய படியில் இறங்கினார்கள். தெருவில் இறங்கினார்கள்.

"எங்கங்க போறீங்க? பால் காய்ஞ்சிடுச்சி," என்று கலைமதியின் குரல் கேட்டது. திரும்ப முடியவில்லை. திரும்பினால் கை விலகிவிடும்.

பிரபாவதி வாசலில் விசிறிக்கொண்டு நின்றிருந்தார். டார்ச்சை அடித்துப் பார்த்துச் சிரித்தார். "கரெண்ட் இல்லன்னு காத்து வாங்கத் தூக்கினு போறியாப்பா? அப்பன் தோள்ல எப்டி ஒட்டிக்கினு இருக்குது பாரு. கண்ணு படப் போவுது."

"அம்மா," என்றான் திருமுருகன். அது அவன் காதுக்கே எட்டவில்லை. டார்ச் அணைந்தது.

கடை தாண்டியது. கோயில் தாண்டியது. நடை வேகமாகவும் இல்லை, நிற்கவும் இல்லை. பூமாலை வீட்டுக்குப் போகிற கோலியனூர் சாலையில் திரும்பினார்கள். பஸ் ஒன்று வெளிச்சத்தை அடித்துக்கொண்டு கடந்தது. தோள்பட்டை இற்றுவிடும் போல வலித்தது. இறக்கக் கூடாது. கடைசி வீடும் பின்னால் போனது. கரும்புக் காட்டு இருட்டு. அந்த இருட்டில், அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், எதன் மீதோ தாடையை வைத்து, கன்னம் ஒரு பக்கம் நசுங்க, அவன் மகள் பின்னால் வருகிறவனைப் பார்த்தாள். முதல் முறையாக அவனை. அவன் கண்ணை. பார்த்துவிட்டு, பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.